மடங்கிய கையிடம் எதைக் கேட்பது?

பக்கவாதம் வந்தவரின் வீட்டில் முதல் ஓராண்டு முழுக்க ஒரே கேள்விதான் ஓடும்: கை வருமா? காலைப் பற்றி இவ்வளவு கேள்வி எழுவதில்லை. கோலை ஊன்றியோ சுவரைப் பிடித்தோ பலர் எழுந்து நடந்துவிடுகிறார்கள். கைதான் பாக்கி நிற்கிறது. டாக்டரிடம், பிசியோதெரபிஸ்டிடம், நாட்டு வைத்தியரிடம், பார்க்க வருகிற உறவினரிடம் என எல்லோரிடமும் இதே கேள்வி போகிறது. வரும் என்கிறார் ஒருவர், நாளாகும் என்கிறார் இன்னொருவர், இனி வராது என்கிறார் மூன்றாமவர். வராது என்பது வீட்டார் மனத்தில் உறுதியான நாளோடு அந்தக் கைக்கான சிகிச்சையும் நின்றுபோகிறது. இப்படி நிறுத்துவது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விரல்கள் மறுபடி வேலை செய்யுமா என்பதை மட்டும் வைத்து, இறுகிப்போன கைக்குச் சிகிச்சை தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது. வேலைக்குத் திரும்பாத கைக்கும் சிகிச்சை உண்டு. அதற்கு ஆதாரமும் உண்டு. அந்தக் கையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உள்ளங்கை கழுவுகிற அளவுக்குத் திறக்கிறதா? சட்டைக் கைக்குள் வலியில்லாமல் போகிறதா? ராத்திரி தூங்க விடுகிறதா?

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் கட்டளைப் பாதை சேதமாகும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது பலவீனம், அது உடனே கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது இறுக்கம், அது பிந்தி வருகிறது. எந்தத் தசையையும் சட்டென்று இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே டாக்டர் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது இந்த அனிச்சைச் செயலைத்தான். நல்ல நிலையில் மூளை இதை அடக்கி வைத்திருக்கிறது. அந்த அடக்கம் போனபிறகு தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு முரண்டு பிடிக்கிறது. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் ஸ்பாஸ்டிசிட்டிக்குத் தந்த வரையறையின் சாரம் இதுவே. கையில் மடக்கும் தசைகளே மிகுதியும் இறுகுவதால் தோள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு உள்ளே கவியும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும், மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் மூடிக்கொள்ளும். தெருவில் எதிரே வருபவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது என்று தூரத்திலேயே தெரிவது இந்தத் தோற்றத்தால்தான்.

இதில் காலக்கணக்கு முக்கியம். பக்கவாதம் தாக்கிய முதல் சில நாள் கை பெரும்பாலும் துவண்டு கிடக்கும். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது எழுதித் தரும் சீட்டில் ரத்த அழுத்த மாத்திரை இருக்கும், சர்க்கரை மாத்திரை இருக்கும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை இருக்கும். கை இறுக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, ஏனென்றால் அன்றைக்கு இறுக்கமே இல்லை. அது அடுத்த சில வாரங்களில், வீட்டில், மருத்துவர் கண்ணில் படாத இடத்தில் மெல்ல ஏறுகிறது. முதலில் கொட்டாவி விடும்போது முழங்கை தானாக மடங்கும். துவண்டு கிடந்த கை அசைகிறதே என்று வீட்டார் மகிழ்ந்தும் போவார்கள். அடுத்த மாதம் விரலைப் பிரித்தால் வலிக்கும். மடங்கியே கிடக்கும் தசை நாளடைவில் நீளத்தையே இழந்து, நாரேறிக் கெட்டிப்பட்டு, மூட்டையும் கட்டிப்போடும். நரம்பால் வந்த இறுக்கத்துக்கு மருந்து வேலை செய்யும். கெட்டிப்பட்டுப்போன தசைக்கு எந்த ஊசியும் வேலை செய்யாது. முந்தையது பிந்தையதாக மாறுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். சிகிச்சைக்கு உகந்த காலமும் அதுவே. நம் மருத்துவ ஏற்பாட்டில் யாருமே அந்தக் கையைத் தொட்டுப் பார்க்காத காலமும் அதுவே.

இறுகிய கை என்ன செய்கிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மூடிய உள்ளங்கைக்குள் வியர்வை தேங்கும். தோல் ஊறி வெளுக்கும், நாற்றமெடுக்கும், விரலிடுக்கில் பூஞ்சை வரும். வெட்ட முடியாத நகம் வளர்ந்து உள்ளங்கையில் குத்திப் புண்ணாக்கும். சட்டை போட்டுவிடுகையில் தோளில் சுரீரென்று வலிக்கும். மடங்கிய முழங்கையை ரவிக்கையின் கைக்குள் நுழைக்க முடியாமல், வாழ்நாளெல்லாம் சேலை கட்டிய பெண்கள் நைட்டிக்கு மாறிவிடுகிறார்கள். இந்த வேலைகளைத் தினமும் செய்வது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். அவர்களுக்குச் சிறு உபாயம்கூட யாரும் சொல்லித் தருவதில்லை. விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் கை இன்னும் இறுகத்தான் செய்யும். மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு, கட்டைவிரலை நுனியில் தொடாமல் அதன் அடிமேட்டோடு சேர்த்துப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்தால் மற்ற விரல்களும் இளகும். மணிக்கட்டு மடங்கும்போது விரல்களை மூடும் நாண்கள் தொய்ந்துபோவதால் இது நடக்கிறது. கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, பழைய பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளே வைக்கலாம். சட்டை போடும்போது நோயுற்ற கை முதலில், கழற்றும்போது கடைசியில். இதைக் கற்றுத்தர பத்து நிமிடம் போதும்.

கையால் விரிப்பதை மீறிய இறுக்கத்துக்கு இன்று உலகெங்கும் முதன்மையாகப் பயன்படும் மருந்து பாட்டுலினம் நச்சு. முகச் சுருக்கத்தைப் போக்கும் அழகு ஊசி என்று பெயர் வாங்கிவிட்ட அதே போட்டாக்ஸ்தான். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளியேறித் தசைக்குச் சுருங்கு என்று சொல்கிறது. இந்த மருந்து அந்த வெளியேற்றத்தைத் தடுக்கிறது. எந்தத் தசையில் போடுகிறோமோ அந்தத் தசை மட்டும் தளரும். சில நாளில் பலன் தொடங்கி, ஒரு மாத அளவில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். அமெரிக்காவில் இதற்கு முதல் அனுமதி 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் கிடைத்தது. புருவத்தின் நடுவே விழும் கோடுகளுக்கு 2002இல் அனுமதி வந்தது. கை இறுக்கத்துக்கு 2010இல்தான். நெற்றிச் சுருக்கம் மடங்கிய கையை எட்டாண்டு முந்திக்கொண்டது என்பதை மருத்துவச் சந்தையின் முன்னுரிமை பற்றிய செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சான்று அந்த அனுமதிக்கு முன்பே இருந்தது. 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஆலிசன் பிராஷியரும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பின் மணிக்கட்டும் விரல்களும் இறுகிய 126 பேரில் ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு வெற்று ஊசி. இறுக்கம் குறைந்ததா என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. கையைச் சுத்தமாக வைப்பது, உடுத்துவது, கை நிற்கும் நிலை, வலி ஆகிய நான்கில் தனக்கு எது பெரிய தொல்லை என்று ஒவ்வொருவரையும் முதலிலேயே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்து, மருந்து பெற்றவர்களில் 62 விழுக்காட்டினருக்கு அந்தத் தொல்லை ஒரு படியாவது குறைந்திருந்தது. வெற்று ஊசி பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்குத்தான். இந்த ஆய்வின் சிறப்பு மருந்தைவிட அளவுகோலில் இருக்கிறது. கை என்ன வேலை செய்யும் என்று அது கேட்கவில்லை. கையோடு வாழ்வது எவ்வளவு எளிதானது என்று கேட்டது.

அளவுகோல் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு நல்ல சாட்சி. வட இங்கிலாந்தில் 333 பேரைக் கொண்டு நடந்து 2011இல் முடிவுகள் வெளியான பாட்டுல்ஸ் ஆய்வில் எல்லோருக்கும் நான்கு வாரக் கைப்பயிற்சி உண்டு. ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடவே ஊசி. பொருளைப் பிடிப்பது, தூக்குவது, நகர்த்துவது போன்ற வேலைகளை மதிப்பிடும் சோதனையே முதன்மை அளவுகோல். அதில் ஒரு மாதத்தில் தேறியவர்கள் ஊசி பெற்றவர்களில் சுமார் 25 விழுக்காடு, பெறாதவர்களில் சுமார் 20 விழுக்காடு. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. ஆய்வு தோற்றது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்; பலர் அப்படித்தான் எழுதினார்கள். அதே அறிக்கையின் அடுத்த அட்டவணைகள் வேறு கதை சொல்கின்றன. கை கழுவுவது, சட்டைக்குள் கையை விடுவது போன்ற அடிப்படைக் காரியங்கள் ஊசி பெற்றவர்களுக்கு ஒரு மாதத்திலும் எளிதாகின, ஓராண்டு கழித்தும் எளிதாக இருந்தன. ஓராண்டு முடிவில் வலியும் குறைந்திருந்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. தளர்த்தும் மருந்து தளர்த்தும். அறுந்த கட்டளைப் பாதையை அது ஒட்டவைக்காது. மூளையிலிருந்து செய்தி வராத கையைத் தளர்த்தினால் தளர்ந்த கைதான் கிடைக்கும். தேநீர்க் கோப்பையைத் தூக்கவைக்க வேண்டும் என்று ஊசி போட்டுக்கொள்பவர் ஏமாறுவார், அதற்குக் காசு செலவழித்துவிட்டு மருத்துவத்தையே சபிப்பார். உள்ளங்கைப் புண் ஆற வேண்டும் என்று போட்டுக்கொள்பவர் பெரும்பாலும் ஏமாற மாட்டார்.

இந்த மருந்துக்கு ஆதரவான ஆய்வுகள் பலவற்றுக்கு அதைத் தயாரிக்கும் நிறுவனங்களே பணம் தந்திருக்கின்றன என்பார்கள். உண்மைதான், சந்தேகப்படுவது நியாயமும்கூட. 22 நாடுகளில் 456 பேரைப் பின்தொடர்ந்த உலிஸ் ஆய்வில் கிட்டத்தட்ட 80 விழுக்காட்டினர் தாங்கள் முன்கூட்டிக் குறித்த முதன்மை இலக்கை எட்டினார்கள் என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. அதை நடத்தப் பணம் தந்தது இப்சென் என்ற மருந்து நிறுவனம். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி பெறாத குழு எதுவும் அதில் இல்லை. ஆகவே அந்த 80ஐ நான் அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் பாட்டுல்ஸ் ஆய்வுக்கு முதன்மையாகப் பணம் தந்தது பிரிட்டன் பொதுநிதி. அதிலும் கைப் பராமரிப்பு எளிதானது என்ற முடிவு வந்தபிறகு, எல்லாம் நிறுவனங்களின் ஜாலம் என்று ஒதுக்கிவிட முடியாது. நச்சாயிற்றே என்ற பயம் இன்னொரு பக்கம். மருந்து பரவி விழுங்குவதிலோ மூச்சிலோ சிரமம் தருவது அரிதாக நடக்கிறது. அதனால்தான் மொத்த அளவுக்கு வரம்பும், இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது 12 வார இடைவெளியும் வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டும் ஒன்றல்ல என்பது போடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் கையில் இது ஆபத்தான மருந்தல்ல.

விலைதான் வலுவான ஆட்சேபம். பாட்டுல்ஸ் ஆய்வுக்காரர்களே, எல்லோருக்கும் போட்டால் இந்தச் செலவுக்கு இந்தப் பலன் கட்டுப்படியாகாது என்றுதான் கணக்குப் போட்டார்கள். ஒரு தடவைக்குப் பல ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு மூன்று தடவை வரை போகலாம். மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இதுவோ வந்து போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்பும் ஊசி. கட்டுப்படியாகாது என்பது எல்லோருக்கும் போடும் கணக்கு. நான் கேட்பது எல்லோருக்குமல்ல. பக்கவாதத்தில் பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவரிலிருந்து ஐந்தில் இருவர் வரை ஏதோ ஓர் அளவில் இறுக்கம் வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே வேண்டாம். ஸ்வீடனில் முதல் பக்கவாதம் வந்து ஓராண்டானவர்களைப் பார்த்த ஆய்வில் 17 விழுக்காட்டினருக்கு இறுக்கம் இருந்தது. அன்றாட வாழ்வைக் கெடுக்கும் அளவு இறுக்கம் 4 விழுக்காட்டினருக்கே. அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. பிசியோதெரபியே கிடைக்காத இடத்தில் அது கூடுதலாக இருக்கக் காரணம் உண்டு. இருந்தாலும் தேவைப்படுவோர் ஒரு சிறு பகுதி என்பது தெளிவு. எழுதி வைத்த ஒரே ஒரு நோக்கம், அதற்குத் தேவையான இரண்டு மூன்று தசைகள், இரண்டு சுற்றில் பலனில்லை என்றால் நிறுத்தம். இந்த ஒழுங்கோடு போட்டால் குப்பிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். முழங்கையை மடக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பில் பீனால் செலுத்தும் பழைய முறையும் இருக்கிறது. மருந்தின் விலை மிகக் குறைவு, பலன் பல மாதம் நிற்கும். போடுபவருக்குக் கைத்திறன் அதிகம் வேண்டும், உணர்வு நரம்பில் பட்டால் எரிச்சல் வரும் என்பதால் பலர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். ஏழை நாட்டின் அரசு மருத்துவமனைகள் இந்தத் திறனைக் கைவிட்டது சரியென்று எனக்குப் படவில்லை.

மாத்திரை மலிவாயிற்றே, அதைத் தரலாமே என்றால், பேக்லோஃபனும் டைசானிடினும் இந்தக் கை, இந்தத் தசை என்று பார்க்காது. உடம்பு முழுக்க வேலை செய்யும். தூக்கக் கலக்கம் தரும், நல்ல பக்கத்தையும் தளர்த்தும், தட்டுத்தடுமாறி நடப்பவரை விழவைக்கும். பேக்லோஃபனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உடம்பின் பல இடங்களில் இறுக்கம் இருப்பவருக்கு இவை உதவும். ஒரு மணிக்கட்டுக்காக ஒருவரை நாள் முழுக்கக் கிறங்கவைப்பது நல்ல வைத்தியமாகாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேற்று வரை சுமாராக இருந்த கை திடீரென்று இறுகினால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், உள்ளே வளர்ந்த நகம் என்று ஏதாவது தூண்டுகிறதா என்று தேட வேண்டும். பல நேரம் வைத்தியம் அங்கேதான் இருக்கும்.

பிசியோதெரபி ஒழுங்காகச் செய்தால் இதெல்லாம் வேண்டாம் என்ற நம்பிக்கை மக்களிடம் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் உண்டு. இங்கே ஆதாரம் நமக்குப் பிடித்தமாதிரி இல்லை. தசையை நீட்டிவிடும் பயிற்சிகள், ஸ்பிளிண்டுகள் பற்றிய 49 ஆய்வுகளை, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை, ஒன்றாக வைத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் மறுஆய்வு, நரம்பு நோயாளிகளின் மூட்டு அசைவில் அவற்றால் சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்று முடிவு சொன்னது. மணிக்கட்டுக்கு இரவில் ஸ்பிளிண்ட் கட்டுவதை 63 பேரைக் கொண்டு சோதித்த 2007ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்விலும் இறுகிப்போவது தடைபடவில்லை. இதைப் படித்துவிட்டு கையைத் தொடாமலே விட்டுவிடலாம் என்று முடிவுகட்டக் கூடாது. அந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பெரும்பாலும் வழக்கமான பராமரிப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. யாருமே தொடாத கையோடு யாரும் ஒப்பிடவில்லை. நீட்டிவிடுவதால் கை கழுவ முடிகிறது என்பதே அதற்குப் போதிய காரணம். நிலைத்த நீளத்தை அது தரும் என்று வாக்குக் கொடுப்பதுதான் தப்பு. மாறாக, நம் ஊரில் பழகிப்போன சில பயிற்சிகளை நிறுத்தவே வேண்டும். இறுகிய கையில் ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வது அதில் ஒன்று. மூடுவதற்கு அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டியதில்லை. திறப்பதுதான் அதற்கு வரவில்லை. வாசற்படிக்கு மேலே கப்பி கட்டி நல்ல கையால் கெட்ட கையை மேலே இழுப்பது தோள்வலியை அதிகமாக்குகிறது என்று 1990இலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. எண்ணெய் தடவி மெல்ல நீவிவிடுவதில் கெடுதல் இல்லை. நோயாளிக்கு இதமாகவும் இருக்கும். முறுக்கி உருவுவதும் புறாவின் ரத்தத்தைத் தேய்ப்பதும் வேறு சங்கதி. புறா பாவம், தோள்மூட்டும் பாவம்.

வீட்டாரே பார்த்துக்கொள்ளட்டும், அவர்களைப் பழக்கினால் போதும் என்பது நிதியில்லாத அரசுகளுக்குப் பிடித்த பதில். இந்தியாவிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்ற அட்டெண்ட் ஆய்வில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலேயே மறுவாழ்வுப் பயிற்சி தரப்பட்டு, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடரப்பட்டது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்த்து இரு பக்கமும் 47 விழுக்காடு. 2017இல் லான்செட்டில் வெளியான அந்த முடிவு கசப்பானது, ஆனால் நேர்மையானது. அது கை இறுக்கத்தைத் தனியாகக் குறிவைத்த ஆய்வல்ல என்பதால் அதிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கக் கூடாது. ஒன்று மட்டும் எடுக்கலாம்: பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் செய்ய வேண்டியதை மருமகளின் தலையில் கட்டிவிட்டு மறுவாழ்வு நடக்கிறது என்று கணக்கெழுத முடியாது. மேலே சொன்ன கை திறக்கும் உபாயம் குடும்பத்துக்கானது. எந்தக் கைக்கு அதற்கு மேலும் தேவை என்று கண்டுபிடிப்பது குடும்பத்தின் வேலையல்ல.

தமிழ்நாட்டில் அதைக் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சலூட்டும் செய்தி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோதே வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபி அதன் ஓர் அங்கம். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரையோடு வரும் பெண் தன்னார்வலரும் பக்கவாதம் வந்தவரின் வாசலில் மாதாமாதம் நிற்கிறார். அவருடைய பதிவேட்டில் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: விரலைப் பிரித்து உள்ளங்கையைக் கழுவ முடிகிறதா, சட்டை மாட்டும்போது வலிக்கிறதா, போன மாதத்தைவிட மோசமா. இல்லை, ஆம், ஆம் என்று பதில் வந்தால் வட்டாரத்தின் இயன்முறை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். அவர் பார்த்து, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்ப வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இந்தக் கேள்விகள் கேட்கப்படுவது அவசியம். மாத்திரை கொடுத்தாச்சு என்று ஒரு டிக் போடுவதோடு சந்திப்பு முடிகிறவரை, திட்டத்தின் பிசியோதெரபி என்ற சொல் பாதி வெறுமையாகவே இருக்கும்.

முதல் நான்கரை மணி நேரத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியே இன்னும் எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை, அதை விட்டுவிட்டுக் கைச் சுருக்கத்தைப் பேசலாமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள். இரண்டும் ஒரே பணத்துக்குப் போட்டியிடுவதில்லை. ஒன்றுக்கு ஸ்கேனும் இரவு பகல் டாக்டரும் வேண்டும், மற்றதற்கு மாதம் ஒரு நாள் கிளினிக் போதும். அதோடு, அந்த ஊசி பரவலானாலும் சரியான நேரத்துக்கு வந்துசேராதவர்கள் இருப்பார்கள், வந்தும் கை திரும்பாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் பத்து ஆண்டு, இருபது ஆண்டு அந்தக் கையோடு வாழ வேண்டும். இந்தியாவில் பக்கவாதம் மேற்கு நாடுகளைவிடக் குறைந்த வயதிலேயே வருவதால் அந்த ஆண்டுகள் இன்னும் நீளம்.

இலக்கைத் தாழ்த்துவது நம்பிக்கையைக் கைவிடுவதாகாதா? ஆகும், எல்லோருக்கும் தாழ்த்தினால். சற்றேனும் அசைவு மிஞ்சிய கைக்கு இலக்கு வேறு. மணிக்கட்டையும் விரல்களையும் பத்து டிகிரியாவது தாமாக விரிக்க முடிந்தவர்களுக்கு, நல்ல கையைக் கட்டிப்போட்டு நோயுற்ற கையையே நாள் முழுக்கப் பழக்கும் முறை பலன் தந்தது என்று 222 பேரைக் கொண்ட எக்சைட் ஆய்வு 2006இல் காட்டியது. அவர்களுக்கு அந்தப் பயிற்சியைத் தராமல் ஊசியோடு திருப்பி அனுப்புவது குற்றம். எதிர்ப்பக்கமாக, சில இறுக்கங்களை அப்படியே விட்டுவிடவும் தெரிய வேண்டும். மடங்கிய முழங்கையில் பையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்வருகிறவர் இருக்கிறார். விறைத்த காலையே ஊன்றுகோலாக வைத்து நடக்கிறவர் இருக்கிறார். தளர்த்தினால் அவர் உள்ளதையும் இழப்பார். நோயாளியை ஒரு வார்த்தை கேட்காமல் இறுக்கத்தை நான்கு என்றும் மூன்று என்றும் அளந்து, அந்த எண்ணைக் குறைப்பதற்கே மருந்து போடுவதும், கை வராது என்று அனுப்பிவிடுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

பல ஆண்டுகள் மடங்கிக் கெட்டியாகிவிட்ட கைகள் மிச்சமிருக்கின்றன. அவற்றுக்கு இதுவரை பேசிய எதுவும் உதவாது. விரல்களை மடக்கும் மேலடுக்கு நாண்களையும் அடியடுக்கு நாண்களையும் துண்டித்து, ஒன்றின் முனையை மற்றதோடு நீளமாகத் தைத்து உள்ளங்கையைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. வேலை செய்யாத, புண்ணாகிப்போன மூடிய கைக்கென்றே வந்த அறுவை அது. கைமாற்று அறுவையைப் போலப் பேர்போன கருவிகளோ அபூர்வ நிபுணர்களோ வேண்டியதில்லை. நாண்களைத் தைக்கத் தெரிந்த எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். இல்லாதது, பக்கவாத நோயாளியை அவர்களிடம் அனுப்புகிற பழக்கம். நரம்பியல் மருத்துவர், மறுவாழ்வு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், எலும்பு மருத்துவர் நால்வரும் மாதம் ஒரு காலை ஒரே அறையில் உட்கார்ந்து, யாருக்குத் துணிச்சுருள், யாருக்கு ஊசி, யாருக்குக் கத்தி என்று பிரித்துவிடும் பிரிவை ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் தொடங்குவதற்குப் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ தேவையில்லை. ஓர் அரசாணையும் கொஞ்சம் பீனாலும், ஆண்டுக்கு இத்தனை குப்பி என்று ஓர் ஒதுக்கீடும் போதும்.